சிற்றம்பலம் பந்தடிக்க நின்றபோது

எங்கள் ஊர் கோடமட்டத்தில் பால் பொங்குவதற்கு என் வீட்டுக்காரர் மனது வைக்க வேண்டியிருந்த ஒரு காலம் இருந்தது. பால் மட்டுமில்லை, தும்மல் வருவதற்கும், பஸ் எஞ்சின் உயிர் பெறுவதற்கும், மேகம் மழையாகக் கொட்டுவதற்கும், ஆட்டி வைத்த மாவு புளிப்பதற்கும், அடைகாத்த முட்டை பொரிவதற்கும் அந்த மனிதர்தான் மனது வைக்க வேண்டும். அவரோ மலைச்சரிவின் புல்வெளி நடுவில், கையில் மட்டையோடு, ஒரு வெள்ளைப் பந்தைக் குனிந்து பார்த்தபடி, இடது காலை அரை அங்குலம் முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பார். ஊர் அவரைக் கொஞ்ச காலம்தான் பொறுத்தது. நான் கல்யாணமான நாளிலிருந்து பொறுத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இதைச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை.

சிற்றம்பலம் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தொடங்கும் முன் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் அவருக்கு. குளிக்கப் போனால் சோப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், சொம்பின் வாய் சுவரைப் பார்த்து என்று அடுக்கி முடிப்பதற்குள் வெந்நீர் ஆறிவிடும். ஆறிய நீரைத் திரும்பச் சுட வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி அடுக்குவார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய்ச் சம்மதம் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் என் தங்கைக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. அவர் போட்ட சாலைகள் இன்றைக்கும் குண்டும் குழியும் இல்லாமல் கிடக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் போட்டது மொத்தமே கொஞ்சம்தான்.

ஓய்வு பெற்றதும் குளிருக்கு ஆசைப்பட்டு கோடமட்டத்தில் வீடு வாங்கினோம். அவருக்குச் சர்க்கரை வந்தது. தினமும் நடக்க வேண்டும் என்றார்கள். நடக்கத் தொடங்கும் முன் சரியான செருப்பு வேண்டுமென்று அவர் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு பெஞ்சமின் அண்ணன், டீ ஃபேக்டரியில் ஆபீசராக இருந்தவர், பெண்டாட்டியை இழந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த மனிதர், "சும்மா நடந்தா போரடிக்கும் சிற்றம்பலம், ஒரு பந்தை அடிச்சுட்டு அது பின்னாடி நடங்க" என்று சொல்லி அவரைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரன் விட்டுப்போன மைதானம் அது. கிளப்பில் விரல்விட்டு எண்ணும் ஆட்கள்தான் மிச்சம். மற்ற நேரமெல்லாம் ஊர் மாடுகள் மேயும், பந்தடிக்கிறவர்கள் மாடு நகரும்வரை காத்திருப்பார்கள், மாடும் அவர்களை மதித்து மெதுவாகத்தான் நகரும்.

அங்கேதான் பெஞ்சமின் அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னார். "அடிக்கிறது ஒண்ணும் பெரிசில்ல சிற்றம்பலம். நிக்கிறதை மட்டும் ஒழுங்கா நின்னுட்டா பந்து தானா போயிடும்."

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டாமா? குடிகாரனிடம் போய்ச் சாராயக் கடை வாசலைக் காட்டியது போல ஆயிற்று. வாழ்நாள் முழுவதும் ஒருவராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த மனிதர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பந்தைச் சின்ன மர ஆணியின் தலையில் நிறுத்துவார்; அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்; பின்னால் போய், பந்து போக வேண்டிய திசையைப் பார்த்து, பந்துக்குச் சற்று முன்னால் ஒரு காய்ந்த இலையையோ மாட்டுச் சாணத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்வார்; திரும்பி வந்து முதலில் மட்டையின் முகத்தை அந்த அடையாளத்துக்கு நேராக வைப்பார், பிறகு கால்களைத் தோள் அகலத்துக்கு விரிப்பார், பந்து இடது குதிகாலுக்கு உள்பக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார், இடுப்பிலிருந்து குனிவார், முட்டியை இளக்குவார், கையைத் தொங்கவிடுவார், மட்டையைக் குருவிக் குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிப்பார், பிடி இறுகிவிட்டது என்று தோன்றும், விடுவார், பின்னால் போவார், மறுபடி காய்ந்த இலையிலிருந்து தொடங்குவார்.

முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியாது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். நுரை கட்டிக்கொண்டு மேலே வந்தது, பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது, அப்படியே நின்றுவிட்டது. அடுப்பு எரிகிறது, பால் கொதிக்கிறது, ஆனால் பொங்கவில்லை. கையில் துணியோடு நான் எவ்வளவு நேரம்தான் நிற்பது? எதிர்வீட்டு அம்மாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, வராத தும்மலை எதிர்பார்த்து, வாசலில் வானத்தைப் பார்த்து நின்றாள். பஸ் ஸ்டாண்டில் டிரைவர் சாவியைத் திருகத் திருக எஞ்சின் இருமியதே தவிரக் கிளம்பவில்லை. பிறகு மலைச்சரிவிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, எதிர்வீட்டு அம்மாள் தும்மினாள், பஸ் கிளம்பிப் போனது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் டீக்கடை மம்மது காக்கா. அவர் கடையிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். சிற்றம்பலம் மட்டையோடு குனிந்தால் பால் நிற்கிறது, 'டொக்' கேட்டால் பொங்குகிறது, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்றார். கேட்டவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரமில்லை, டீ வராமல் வேலைக்குப் போக முடியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஊர் இதைக் கரெண்ட் போவதைப்போல, தண்ணீர் வராததைப்போல எடுத்துக்கொண்டது. யார் வீட்டில் போய்ச் சண்டை போடுவது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அது தெரிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தார்கள்.

போகப்போக இதன் நியாயம் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. மனிதர்கள் தாங்களாகச் செய்வதையெல்லாம் செய்யலாம்: நடக்கலாம், பேசலாம், விறகு வெட்டலாம், கடன் கேட்கலாம். ஆனால் தானாக நடக்க வேண்டியது எதுவும், அவர் பந்தின் மேல் குனிந்து நிற்கும்வரை, விளிம்புவரை வந்து நின்றுவிடும்.

தடுத்துப் பார்த்தார்கள். கத்தினால் திடுக்கிட்டு நிமிர்ந்து, மட்டையைத் துடைத்து, மறுபடி காய்ந்த இலையிலிருந்து தொடங்கினார். பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பாக்கெட்டிலிருந்து இன்னொரு பந்தை எடுத்தார். பொறுமை கெட்டு ஒருநாள் நாலு பேர் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். அவர் கூடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு கால் அகட்டிக் குனிந்து நின்றார், தொடங்கிய தயாரிப்பை முடிக்காமல் விட அவருக்குத் தெரியாது. தூக்கம் தானாக வருகிற சமாச்சாரம்தானே, அன்றைக்கு ஊரில் ஒருவருக்கும் கண் மூடவில்லை. விடிந்ததும் தூக்கி வந்த அதே நாலு பேர் கண்ணெல்லாம் சிவக்க வந்து, "வாங்க சார், அங்கயே வந்து அடிச்சுத் தொலைங்க" என்று மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். கோல்ஃபையே விட்டுவிடுங்கள் என்று நானும் எவ்வளவோ சொன்னேன். "சர்க்கரை குறைஞ்சிருக்கே வடிவு" என்றார். குறைந்துதான் இருந்தது, அதுதான் கொடுமை.

அப்புறம்தான் ஊர் அந்த மகா தப்பைச் செய்தது. தடுக்க முடியாது என்றால் உதவி செய்வோம், சீக்கிரம் தயாராகட்டும், சீக்கிரம் அடிக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். தையற்காரர் டேப்போடு வந்து அவர் தோளை அளந்து, கால் எங்கே இருக்க வேண்டும் என்று புல்லில் சாக்பீஸ் கோடு போட்டுக் கொடுத்தார். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சார் நிற்கிற இடம் வலது பக்கம் சரிகிறது என்றார். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மூச்சை எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஜோசியர், முகம் கிழக்கே இருந்தால் நல்லது, ஆனால் பந்து வடக்கே போக வேண்டியிருப்பதால் மனசை மட்டும் கிழக்கே வையுங்கள் என்றார். சிற்றம்பலம் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொன்னார். முன்பு காய்ந்த இலையையும் காலையும் பிடியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது சாக்பீஸ் கோட்டையும் சரிவையும் மூச்சையும் கிழக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. முன்பு ஒரு டீ நேரம் நின்றவர் இப்போது அரைப்பொழுது நின்றார். நின்றதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் உதவிக்கு வந்தார்கள். இவர்களில் ஒருவருக்காவது அந்த மனிதரைச் சும்மா விட வேண்டும் என்று தோன்றவில்லையே என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் எதற்கும் பழகிவிடுகிற ஊர் இது. அவர் மட்டையோடு கிளம்புவதைப் பார்த்ததும் வீட்டுக்கு வீடு அவசரமாகப் பாலைக் காய்ச்சி இறக்கினார்கள். டிரைவர் எஞ்சினை அணைக்காமலே சாப்பிடப் போனார். அவர் நிற்கும்போது கண்டக்டர் விசில் ஊதுவதில்லை, கோயிலில் மணி அடிப்பதில்லை, திடுக்கிட்டு முதலிலிருந்து தொடங்கிவிடுவாரே என்று சின்னப் பிள்ளைகள்கூட வாயில் விரல் வைத்துக்கொண்டு நடந்தன. சிலருக்கு லாபமும் இருந்தது. மாமியாருக்குக் கோபம் வருகிற நேரம் தெரிந்த மருமகள்கள், "சார், இன்னைக்கு எத்தனை மணிக்குப் போறீங்க?" என்று என் வாசலில் வந்து கேட்டார்கள். கோபமும் தானாக வருவதுதான். எனக்கு மட்டும் ஏனோ அது நிற்கவே இல்லை.

இப்படி இருக்கும்போது பெஞ்சமின் அண்ணன் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே சமயம் என் மகள் சுகந்தி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெங்களூரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளை. முதல் பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எந்த வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பிடிவாதம் பிடித்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வலி ஒரு காலை நேரத்தில் வந்தது. நானும் மாப்பிள்ளையும் சிற்றம்பலமும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். டாக்டர் ஷகிலா பானு பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, மத்தியானத்துக்குள் பிறந்துவிடும் என்றார். அப்புறம் வராந்தாவில் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, படியிறங்கி, வெளியே போனார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

வலி ஏறிக்கொண்டே போனது. மத்தியானம் நெருங்கும்போது உச்சிக்கு வந்தது, வந்து அப்படியே நின்றுவிட்டது. குறையவும் இல்லை, குழந்தை வரவும் இல்லை. சுகந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தாள். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். நான் பாத்திரத்தின் விளிம்பில் நின்ற பாலை எத்தனையோ முறை பார்த்தவள், எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"அம்மா, அப்பா எங்கம்மா?" என்றாள் சுகந்தி.

"எங்கயோ நிக்கிறார்" என்றேன்.

டாக்டர் என்னை வெளியே அழைத்துப் போனார். "இதோ பாருங்கம்மா, தலை வாசலுக்கு வந்துடுச்சு. குழந்தையோட நாடித்துடிப்பு இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா இப்படியே ரொம்ப நேரம் இருந்தா குழந்தை களைச்சுப் போயிடும். இங்க ஆபரேஷன் வசதி கிடையாது. கோயம்புத்தூர் கொண்டு போலாம்னா ஆம்புலன்ஸ் ஸ்டார்ட் ஆகலை. சாரைப் பந்தை அடிக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளையை மைதானத்துக்கு ஓட விட்டேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "மாமா கிட்டத்தட்ட ரெடியாயிட்டாராம் அத்தை. இடது தோள் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்குன்னு டிரில் மாஸ்டர் சொல்றார்" என்றார். நல்ல பையன், படித்த பையன், அந்தத் தோளைப் பற்றி அவருக்கே ஒரு கருத்து வந்துவிட்டது போலிருந்தது. அவரை மனைவி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நானே கிளம்பினேன்.

வராந்தா கடைசி அறையைத் தாண்டும்போது, "தங்கச்சி" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. பெஞ்சமின் அண்ணன். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார், மூச்சு தொண்டைக்குழியில் நின்றுகொண்டிருந்தது, கண் மட்டும் கோபமாக விழித்திருந்தது.

"அந்தாளு எங்க?" என்றார்.

"மைதானத்துல நிக்கிறார்ணா."

"தெரியும். காலையில டாக்டரம்மா அவர்கிட்ட என் கதை இன்னைக்கே முடிஞ்சிடும்னு சொன்னாங்க, கதவு திறந்திருந்துச்சு, என் காதுல விழுந்துச்சு. எனக்கும் போதும்னு இருந்துச்சு. என் பொண்டாட்டி ஸ்டெல்லா கையை நீட்டிக்கிட்டு வர்ற மாதிரி இருந்துச்சு. அப்ப பாத்து இந்த மனுசன் போய்ப் பந்து முன்னாடி நின்னுட்டார். அதுலேர்ந்து நான் போகவும் முடியலை, இருக்கவும் முடியலை. ஸ்டெல்லாவும் கையை நீட்டிக்கிட்டு அங்கயே நிக்கிறா, அவளுக்குக் கை வலிக்காதா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவர் தயாராகித் தயாராகி நின்றது அடிப்பதற்காக. இன்று அவர் அடிக்காமல் இருப்பதற்காகப் போய் நிற்கிறார். கூட்டாளியைச் சாக விடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறார், அதே பிடியில் தன் பெண்ணின் வயிற்றிலும் ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது, அழுகையும் முட்டிக்கொண்டு நின்றது, எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

"அவருகிட்ட என்னண்ணா சொல்லட்டும்?" என்றேன்.

"நான் கத்துக்கொடுத்தது தப்புன்னு சொல்லு. அரைகுறையாத்தான் கத்துக்கொடுத்தேன். நிக்கிறதைச் சொன்னேன், அடிக்கிறதைச் சொல்லவே இல்லை. ஓடு தங்கச்சி, உன் பொண்ணு கத்துறது இங்க வரைக்கும் கேக்குது."

ஓடினேன். மைதானத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. அவரைச் சுற்றி வட்டமாக நின்று, அவர் திடுக்கிடாதபடி குசுகுசுவென்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முட்டி சார், மூச்சு சார், கிழக்கு சார், கோட்டைத் தாண்டிடுச்சு சார். யாரோ காற்றை மறைக்கப் படுதா பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் அவர், வியர்வை மூக்கு நுனியில் விழப்போகிற சொட்டாகத் தொங்க, பந்தைப் பார்த்தபடி குனிந்திருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

"எல்லாரும் போங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை. என் முகத்தைப் பார்த்தே படுதாவைச் சுருட்டிக்கொண்டு விலகினார்கள். டிரில் மாஸ்டர் மட்டும் போகிற போக்கில், "தோளை மட்டும் கொஞ்சம் பாருங்கம்மா" என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் அவரும் போய்விட்டார்.

நான் பந்துக்கு அந்தப் பக்கம், அவருக்கு எதிரே போய் நின்றேன். கோல்ஃபில் அப்படி நிற்கக் கூடாதாம். நின்றேன்.

"பெஞ்சமின் எப்படி இருக்கார்?" என்று நிமிராமலே கேட்டார்.

"உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கார்."

"திட்டட்டும். திட்டுறார்னா இருக்கார்னு அர்த்தம். நான் இப்படியே நின்னா இருப்பாரில்ல வடிவு?"

"இருப்பார். ஸ்டெல்லா அக்காவும் கையை நீட்டிக்கிட்டே இருப்பாங்க. உங்க பொண்ணும் பெறாமயே கிடப்பா."

மாடு ஒன்று எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு அசை போட்டது.

"சுகந்திக்கு மத்தியானம்தானே ஆகும், அதுக்குள்ள ஏதாவது பண்ணிடலாம்னு நினைச்சேன்" என்றார். "ஒரு வழி இருக்கும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டுக்கும் சரியா வர்ற மாதிரி ஒரு நிலை இருக்கும். கொஞ்சம் டைம் கொடு. இன்னும் சரியா நிக்கலை நான். இந்தக் கால் சரியில்லை, தோள் சரியில்லை, பிடி இறுகிப்போச்சு. இப்படி நின்னுக்கிட்டு எப்படி அடிப்பேன்?"

கண்ணீர் அவர் கண்ணோரத்தில் வந்து நின்றது, ஆனால் அதுவும் விழவில்லை, அவர் நிற்கும்வரை அதுவும் விழ முடியாது. நான் ஒருநாளும் அந்த மனிதர் அழுது பார்த்ததில்லை. அவருக்காக எனக்கு அவ்வளவு பாவமாக இருந்தது, அவர் மண்டையில் அந்த மட்டையாலேயே ஒன்று போடலாம் போலவும் இருந்தது.

அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். இடது கால் கோணலாக இருந்தது. தோள் காதுவரை ஏறியிருந்தது. முட்டி விறைத்திருந்தது, பிடி குருவிக் குஞ்சைக் கொன்றிருக்கும். கோல்ஃப் தெரியாத எனக்கே ஒன்றும் சரியில்லை என்று தெரிந்தது.

"கால் சரியா இருக்கு" என்றேன்.

அவர் பார்வை பந்திலிருந்து காலுக்குப் போனது.

"தோள் சரியா இருக்கு. முட்டி சரியா இருக்கு. பிடி சரியா இருக்கு. எல்லாம் சரியா இருக்குங்க. ஒண்ணும் பாக்கி இல்லை."

"நிஜமாவா?"

"நிஜமா."

ஊர் முழுக்க அவருக்கு எது சரியில்லை என்றுதான் சொல்லியிருந்தது. நானும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், தினமும், சோறு போடும்போதும் தலை வாரும்போதும் சொல்லியிருக்கிறேன். சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி அவர் அன்றைக்குத்தான் கேட்டார் போலிருக்கிறது. தோள் இறங்கியது. "பெஞ்சமின்" என்று மெதுவாகச் சொன்னார், மன்னிப்புக் கேட்பதுபோல, விடைகொடுப்பதுபோல. மட்டையை மேலே தூக்கினார், வீசினார்.

அப்படியோர் அசிங்கமான அடியை அந்த மைதானம் கண்டிருக்காது. பந்தின் மண்டையில் பட்டும் படாமலும் உரசியதில் அது தத்தித் தத்தி உருண்டு, பக்கத்தில் இருந்த சாணத்தில் போய்ப் புதைந்தது. ஆனால் அது அடிதான். முதலில் அவர் கண்ணீர் விழுந்தது. பிறகு விலகி நின்ற கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள், மம்மது காக்கா "என் பாலு!" என்று கத்திக்கொண்டு கடைக்கு ஓடினார், ஊரெல்லாம் குக்கர்கள் அலறின, ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் எஞ்சின் சத்தம் கேட்டது, காலையிலிருந்து மலைமேல் காத்திருந்த மழை மொத்தமாக எங்கள் தலையில் இறங்கியது. நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே ஓடினோம். ஓடத் தொடங்கும் முன் அவர் ஷூ முடிச்சைக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி அறை வாசலில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெஞ்சமின் அண்ணனின் முகத்தில் அந்தக் கோபம் இல்லை, வெகுநேரம் வரிசையில் நின்று கடைசியில் பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டவரின் முகமாக இருந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நான் தடுக்கவில்லை. அழ வேண்டிய மட்டும் அழுதார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சுகந்தி?" என்றார்.

பெண் குழந்தை. சுகந்தி துவண்டுபோய்க் கிடந்தாள், ஆனால் சிரித்தாள். "அப்பா, அடிச்சீங்களா?" என்றாள். "அடிச்சேம்மா" என்றார். மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தார். டாக்டர் ஷகிலா பானு துணியில் சுற்றிய பிள்ளையை என்னிடம் கொடுத்து, "தாத்தாகிட்ட கொடுங்க, அவர்தானே இவ்வளவு நேரம் காக்க வெச்சார்" என்றார்.

நான் பிள்ளையோடு அவர் பக்கம் திரும்பினேன். அவர் ஈரச் சட்டையைத் துடைத்துக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டார். ஓரடி பின்னால் போய் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார், திரும்பி வந்தார். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்தார். முட்டியை இளக்கினார். இடுப்பிலிருந்து குனிந்தார். இரண்டு கைகளையும் நீட்டி, இடது கையை மேலே வைப்பதா வலது கையை மேலே வைப்பதா என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். என் கையிலிருந்த பேத்தி கொட்டாவி விட வாயைத் திறந்தாள், திறந்த வாய் திறந்தபடியே நின்றது. வராந்தாவில் யாருடைய விக்கலோ பாதியில் நின்றது.

"கொஞ்சம் இரு வடிவு, இந்த முழங்கையை மட்டும்..." என்றார்.

நான் இருக்கவில்லை. பிள்ளையை அப்படியே அவர் கையில் வைத்துவிட்டேன். இடது கை கீழே போய்விட்டது, முழங்கை எங்கோ கோணிக்கொண்டது, தலை இருக்க வேண்டிய இடத்தில் கால் இருந்தது. "வடிவு, வடிவு, நான் இன்னும் ரெடியாகலை" என்று அவர் பதறினார். பேத்தி பாதியில் நின்ற கொட்டாவியை முழுசாக விட்டு முடித்து, அந்தக் கோணல் கைக்குள்ளேயே தூங்கிப்போனாள்.